நம்ம ஆளா இல்லையா? சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு பயண டைரி

சனிக்கிழமை, சிங்கப்பூர்

சைனாடவுன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷனை விட்டு வெளிய வந்து சௌத் பிரிட்ஜ் ரோட்டுக்கு நடந்தா, சிவப்பு லாந்தர் தொங்குற கடைங்களுக்கு நடுவுல நம்ம ஊரு ராஜகோபுரம் நிக்குது. ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827ல நாராயண பிள்ளைங்கற தமிழ் வியாபாரி ஆரம்பிச்சது, சிங்கப்பூர்லயே பழைய இந்துக் கோயில் இதுதான். கொஞ்சம் நடந்தா ஜாமியா பள்ளிவாசல், சூலியா பள்ளின்னும் சொல்வாங்க, சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826ல உண்டாக்கினது. ரெண்டும் சைனாடவுனுக்கு நட்ட நடுவுல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, சிங்கப்பூரைப் பிரிட்டிஷ் துறைமுகமா ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் 1822ல ஊருக்கு பிளான் போடச் சொன்னப்போ சீனர் ஒரு பக்கம், சூலியாக்கள், அதாவது நம்ம தென்னிந்தியக் கரைக்காரங்க, ஒரு பக்கம், அரேபியரும் சுலாவேசித் தீவுப் பூகிஸ்காரங்களும் ஒரு பக்கம், ஐரோப்பியருக்கு நல்ல இடமா ஒரு பக்கம்னு ஆளுக்கொரு பேட்டையா பிரிச்சுத்தான் கோடு போட்டாங்க, ஆனா கொஞ்ச வருஷத்துலயே சீனர் பேட்டைக்குள்ள மாரியம்மன் வந்து உக்காந்துட்டா. அவ இன்னிக்கும் அங்கதான் இருக்கா, தீமிதி அங்கதான் நடக்குது.

சாயங்காலம் வாட்டர்லூ ஸ்ட்ரீட். அங்க சீனரோட கருணைத் தெய்வம் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டுன மாதிரி இருக்கு. குவான் இம்கிட்ட வேண்டிக்கிட்டு வர்ற சீனக் குடும்பங்க அப்படியே நாலடி நடந்து கிருஷ்ணன் வாசல்லயும் ஊதுபத்தி ஏத்துறாங்க. ஒரு வயசான அம்மா, மூணு பத்தியை ரெண்டு கையாலயும் நெத்திக்கு நேரா தூக்கிப் பிடிச்சு மூணு தடவ குனிஞ்சு கும்பிட்டுட்டு, பத்தியைச் சட்டியில நட்டுட்டு, கோயில் கதவை உள்ளங்கையால ஒருதரம் தொட்டு அந்தக் கையைத் தன் நெஞ்சுல வெச்சுக்கிட்டாங்க. எனக்குப் பின்னாடி நின்ன நம்ம ஊரு டூரிஸ்ட் ஒருத்தர் தன் வீட்டம்மாகிட்ட சொன்னாரு, "பாரு, முறையே தெரியாம கும்பிடுறாங்க". அந்த அம்மா எத்தனை வருஷமா அங்க வந்துட்டிருக்காங்களோ. இவரு வந்து அஞ்சு நிமிஷம் ஆகல. நம்ம முறை ஒண்ணுதான் முறைன்னு இவ்வளவு சீக்கிரம் எப்படி வாயில வருது? ரூமுக்கு வந்து இந்த டைரியை எழுத ஆரம்பிச்சதே அந்த ஒரு வரியாலதான்.

ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர்

நேத்து ராத்திரி சித்தி மகள் வீட்டுல சாப்பாடு. அவளும் மாப்பிள்ளையும் ஐடி வேலை, இங்க வந்து செட்டில் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. வந்த புதுசுல வாடகைக்கு வீடு தேடினப்போ போன்லயே "இந்தியரா? அப்ப ஓனர் ஒத்துக்க மாட்டாரு, சமையல் வாசனை பிரச்சினை"ன்னு கட் பண்ணிருக்காங்க, அதைச் சொல்லும்போது இன்னிக்கும் அவ முகம் சுருங்குது. "நல்ல சம்பளம், நல்ல படிப்பு, எதையும் கேக்கல, பேரையும் குரலையும் வெச்சு முடிவு பண்ணிட்டாங்கண்ணா"ன்னா.

இந்த ஊரு சும்மா இருக்குற ஊரும் இல்ல. 1964ல நடந்த இனக் கலவரத்தை மறக்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளா பள்ளிக்கூடங்கள்ல கொண்டாடுறாங்க. அரசு அடுக்குமாடி வீடுங்கள்ல ஒரே இனம் ஒரே இடத்துல குமிஞ்சிடக் கூடாதுன்னு 1989ல ஒதுக்கீடு கொண்டுவந்தாங்க. இப்போ ஒரு பிளாக்ல சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மத்தவங்களும் சேர்ந்து 15, அதுக்கு மேல போகக் கூடாது. அதனால லிஃப்ட்ல, காரிடார்ல, கீழ்த்தள பெஞ்சுல எல்லாரும் எல்லாரையும் பாத்தே ஆகணும். இதுல கஷ்டமும் இருக்கு, ஒதுக்கீடு நெறஞ்ச பிளாக்ல சிறுபான்மைக்காரர் வீட்டை விக்கணும்னா வாங்குற ஆளு கொறைஞ்சு போறாங்க, வெலையும் எறங்குது, அதைப் பத்தி நாடாளுமன்றத்துல கூடப் பேச்சு வந்திருக்கு. இருந்தாலும் தனித்தனிச் சேரியா ஊர் ஒடையறதுக்கு இது எவ்வளவோ மேல்னு நான் நெனைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரங்கள அரசாங்கம் கொண்டுவந்து வெச்சுடலாம், பேசறது நம்ம பாடு, அது வேற விஷயம்.

இது வரைக்கும் சரி. கெளம்பும்போது அவளே சொன்னா, "அண்ணா, நாளைக்கு ஞாயித்துக்கெழம, லிட்டில் இந்தியா பக்கம் போகாதீங்க, ஒரே லேபர் கூட்டமா இருக்கும், நமக்கு சரிப்படாது".

நான் போனேன். சிராங்கூன் ரோட்டுல கால் வைக்க எடம் இல்ல. டார்மிட்டரிங்கள்லேர்ந்து வாரத்துல ஒரு நாள் வெளிய வர்ற பசங்க, கட்டடம் கட்டுறவங்க, கப்பல் பட்டறையில வெல்டிங் அடிக்கிறவங்க, ஊருக்குப் பணம் அனுப்ப லைன்ல நிக்குறாங்க, புல்தரையில உக்காந்து வீடியோ கால்ல புள்ளைங்ககிட்ட பேசறாங்க. பட்டுக்கோட்டைப் பக்கத்து தம்பி ஒருத்தன் கிட்ட பேச்சுக் குடுத்தேன். "பஸ்ல நான் உக்காந்தா பக்கத்து சீட்டு காலியாவே இருக்கும்ணே. சீனவங்க மட்டும்னு நெனைக்காதீங்க, நம்ம ஆளுங்களுந்தான்"னான். கோவமா சொல்லல, தகவல் மாதிரி சொன்னான். 2013 டிசம்பர் 8ந்தேதி இதே பக்கத்துல பஸ் மோதி தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தர் செத்துப்போய் அதுலேர்ந்து கலவரம் வெடிச்சது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 2015ல மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இந்த ஏரியாவுல கூடுதல் கெடுபிடி.

அமெரிக்க சமூகவியல்காரர் சம்னர் 1906லயே இதை எழுதிட்டாரு: தன் கூட்டத்தை நடுவுல வெச்சு, மத்த எல்லாரையும் அதை வெச்சே அளந்து தரம் போடுறது. இனமையவாதம்னு தமிழ்ல எழுதுறோம். எனக்கு அதுல உறுத்துறது, அந்த நடு எடம் நகர்ந்துக்கிட்டே இருக்கும்ங்கறது. வீட்டு ஓனர் கணக்குல என் தங்கச்சி வெளிய. தங்கச்சி கணக்குல பட்டுக்கோட்டைத் தம்பி வெளிய. ரெண்டு பேருக்கும் ஒரே மொழி, ஒரே சாமி, ஊருக்கு ஊர் அம்பது மைல்தான் தூரம். அவகிட்ட இதைப் போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ரெண்டும் ஒண்ணா அண்ணா?"ன்னு கேட்டா. ஒண்ணுதான்னு சொன்னேன்.

திங்கள், மலாக்கா போற வழி

பஸ்ல ரெண்டு நாட்டு செக்பாயின்ட்லயும் எறங்கி ஏறி, மத்தியானம் தாண்டி மலாக்கா. சாயங்காலம் ஆத்தங்கரையோரம் நடந்ததோட சரி.

படிச்சிட்டு வந்ததை மட்டும் இங்க எழுதி வெக்கிறேன். போர்ச்சுகீசியர் 1511ல இந்த ஊரைப் புடிச்ச கொஞ்ச நாள்ல இங்க வந்த தோமே பிரெஸ்ங்கற போர்ச்சுகீசியர், மலாக்காவுல 84 மொழி பேசக் கேக்கலாம்னு எழுதிருக்காரு. சுல்தான் காலத்துல துறைமுகத்துக்கு நாலு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரிங்க. குஜராத்திகளுக்குன்னு ஒருத்தர், நம்ம சோழமண்டலக்கரை, வங்காளம், பெகு (பர்மா) ஆளுங்களுக்கு ஒருத்தர், ஜாவா, மலுக்குத் தீவுகள் பக்கத்துக்கு ஒருத்தர், சீனா, சம்பா (இன்னிக்கு வியட்நாம்) பக்கத்துக்கு ஒருத்தர். கப்பல் வந்தா அவங்கவங்க ஷாபந்தர் வந்து கோடவுன் காட்டி, சரக்குக்கு வெல பேசி வெப்பாரு. காத்து திரும்புற வரைக்கும் மாசக்கணக்குல எல்லாரும் இங்கயே தங்கணும், அதனால ஒருத்தர ஒருத்தர் சகிச்சுக்கிட்டுத்தான் ஆகணும். அன்பால வந்த பன்மை இல்ல, பருவக்காத்தும் வியாபாரமும் கொண்டு வந்தது. அதுல தப்பு ஒண்ணும் இல்லன்னுதான் தோணுது.

செவ்வாய், மலாக்கா

இன்னிக்கு நெறைய எழுதணும்.

காலையில தங்கவேலைக்காரர் தெருவுக்குப் போனோம், ஜாலான் துக்காங் எமாஸ். ஹார்மனி ஸ்ட்ரீட்னு சொல்றாங்க. ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1781ல கட்டினது, டச்சுக்காரங்க குடுத்த நெலம். அந்தண்டை கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. இன்னும் கொஞ்சம் போனா செங் ஹூன் தெங், பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோயில். பள்ளிவாசல்ல ரொம்ப நேரம் நின்னுட்டேன். கூரை மூணு அடுக்கு, சுமத்ரா பாணி. மினாரா பாத்தா பகோடா. உள்ள கிரேக்க பாணித் தூண், மேல விக்டோரியா காலத்து சரவிளக்கு, கீழ இங்கிலாந்து, போர்ச்சுகல் டைல்ஸ். கட்டினவங்க யாரும் "இது நம்ம ஸ்டைல் இல்லையே"ன்னு யோசிச்சதா தெரியல, கைக்கு எட்டுனதுல நல்லதா இருந்ததை எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம் காஜா பெராங், மலாக்கா செட்டிகள் குடியிருக்குற பேட்டை. இதுக்குத்தான் மலாக்காவே வந்தேன். டாக்ஸி ஓட்டுன அண்ணன் ஜொகூர் தோட்டத்துல பொறந்த தமிழர். "செட்டி கம்போங்கா? அங்க யாரும் தமிழ் பேச மாட்டாங்கலா"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சாரு.

மலாக்கா செட்டிகள்னு சொன்னதும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்னு நெறைய பேர் நெனைச்சுக்கறாங்க, அது வேற, இவங்க வேற. நகரத்தார் இந்தப் பக்கம் வந்தது பிரிட்டிஷ் காலத்துல. இவங்க அதுக்கு எவ்வளவோ முன்ன, சுல்தான் காலத்துலயே வந்த தமிழ் வியாபாரிங்களோட வம்சம். பொம்பளைங்க கப்பலேறி வராத காலம் அது, மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டு இங்கயே வேர் விட்டுட்டாங்க. வீட்டுல பேசறது மலாய். பொம்பளைங்க உடுத்துறது சாரோங் கெபாயா, கைலியும் மேல்சட்டையும். சாப்பாட்டுல சம்பால் பெலாச்சான், எறா விழுது போட்ட மொளகாத் துவையல். பேரு பிள்ளை, நாயக்கர், படையாச்சி, ராஜா, செட்டி. சாமி மாரியம்மனும் விநாயகரும். இன்னிக்குக் காலையில பாத்த பொய்யாத விநாயகர் கோயிலே இவங்க கோயில்தான், 1962ல நிர்வாகத்தை நகரத்தார்கிட்ட ஒப்படைச்சாங்க.

சின்னத் தெரு. வீட்டு வாசப்படிக்கு மேல மாவிலைத் தோரணம் காஞ்சு தொங்குது, அதை வெச்சே இது செட்டி வீடுன்னு கண்டுபுடிச்சிடலாம். மியூசியமும் ஒரு வீடுதான், அதுல இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும், நெத்தியில குங்குமம், கெபாயா, கொண்டை. எங்களுக்கு முன்னாடியே நம்ம நாட்டுலேர்ந்து வந்த டூர் கோஷ்டி உள்ள இருந்தது. அதுல ஒரு பெரியவர், "பொட்டு வெச்சிருக்கீங்க, பிள்ளைன்னு பேரு வெச்சிருக்கீங்க, தமிழ் தெரியாதா? அடடா, எல்லாத்தையும் தொலைச்சுட்டீங்களே"ன்னு நெசமான வருத்தத்தோடதான் சொன்னாரு. இன்னொருத்தர் மூணு மாசத்துல தமிழ் கத்துக்குடுக்க ஆள் அனுப்பறதா சொன்னாரு. அந்த அம்மாவுக்கு வார்த்தை புரியல, தொனி புரிஞ்சிருக்கு, சிரிச்சுக்கிட்டே நின்னாங்க.

கோஷ்டி போனதும் டாக்ஸி அண்ணன் மலாய்ல அவங்ககிட்ட நாங்க கேட்டதைக் கேட்டு எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தாரு. போகியன்னிக்கு முன்னோருக்குப் படைக்கிறதை அவங்க பார்ச்சுன்னு சொல்றாங்க. வாழையிலை போட்டு, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), சம்பால், பலகாரம், எறந்துபோனவங்களுக்குப் புடிச்ச பண்டம் எல்லாம் வெப்பாங்க. மறுநாள் பொங்கல். வருஷ நடுவுல பழ சீசன்ல இன்னொரு பார்ச்சு, அதுக்குப் பழமெல்லாம் படைக்கணும். எந்த எலை எந்தப் பக்கம் பாத்து இருக்கணும், எதை முதல்ல வெக்கணும், யாரு பேரை முதல்ல சொல்லிக் கூப்புடணும்னு அந்த அம்மா கையாலயே மேசை மேல வெச்சுக் காட்டினாங்க. ஒரு எடத்துலயும் தடுமாறல. எங்க வீட்டுல போகின்னா பழைய பாய் எரிக்கிறதோட முடிஞ்சுது, முன்னோர் பேரு தாத்தாவோட அப்பா வரைக்கும் தெரிஞ்சா பெரிசு.

தமிழ் தெரியாதுன்னு வர்றவங்க சொல்லும்போது எப்படி இருக்கும்னு அண்ணன் மூலமா கேக்கச் சொன்னேன். அவங்க பதில் இது, அண்ணன் சொன்னபடியே எழுதுறேன்: "சாமிக்கு எப்படி வெளக்கேத்தணும்னு எங்க பாட்டி எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மலாய்லதான் சொல்லிக் குடுத்தாங்க. சாமிக்குப் புரிஞ்சுது."

நான் இதை ரொம்ப யோசிச்சிட்டேன். கோஷ்டிப் பெரியவர் கெட்டவர் இல்ல, அவரு வெறுக்கல, பாசத்துலதான் சொன்னாரு. ஆனா அந்தப் பாசத்துக்குள்ள ஒரு கணக்கு இருக்கு: தமிழ்நாட்டுல நாங்க இருக்குறதுதான் முழுசு, நீங்க அதுலேர்ந்து எவ்வளவு கொறைஞ்சிருக்கீங்கன்னு பாப்போம். அஞ்சு நூறு வருஷமா போர்ச்சுகீசியர், டச்சு, பிரிட்டிஷ், ஜப்பான்காரன் எல்லாரையும் பாத்தும் தன் சாமியையும் தன் சடங்கையும் விடாத ஒரு சனம், நம்ம கண்ணுக்கு அரைகுறையா தெரியுதுன்னா கோளாறு நம்ம கண்ணுலதான். அவங்க தமிழரோட மிச்சம் இல்ல, மலாய்க்காரரோட பாதியும் இல்ல. அவங்க மலாக்கா செட்டிகள், அவ்வளவுதான், முழுசாவே.

இதை வெச்சு மொழி போனா பரவால்லன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்க வேணாம். மலேசியாவுல 500க்கும் மேல தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, தோட்டத் தொழிலாளிங்க வயித்தைக் கட்டி நடத்திக் காப்பாத்துனது, அதோட அருமையும் எனக்குத் தெரியும். அதைப் போற்றலாம், அதை வெச்சு இவங்களுக்கு மார்க் போட வேணாம்.

திரும்பி வரும்போது டாக்ஸி அண்ணன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இத்தன வருசம் ஆளுங்கள இங்க எறக்கி விட்டுட்டு வெளியவே நிப்பேன்ணே, இன்னிக்குத்தான் உள்ள வந்தேன்"னாரு.

புதன், மலாக்கா

உஜோங் பாசிர்ல போர்ச்சுகீசியர் குடியிருப்பு. கடலோரம். 1930கள்ல பாதிரியார்ங்க முயற்சியில அமைஞ்ச எடம். கிறிஸ்தாங்னு ஒரு மொழி பேசறாங்க, பழைய போர்ச்சுகீசும் மலாயும் கலந்தது, இப்போ பெரியவங்களுக்குத்தான் நல்லா வருதாம். ஜூன் கடைசியில சான் பெத்ரோ திருவிழா, மீனவங்களோட புனிதர், அன்னிக்கு படகை எல்லாம் ஜோடிச்சு ஆசீர்வாதம் வாங்குவாங்க.

வலை பின்னிட்டிருந்த தாத்தா ஒருத்தர் இங்கிலீஷ்ல பேசினாரு. போர்ச்சுகல்லேர்ந்து வர்றவங்க இவரு பேசறதைக் கேட்டுட்டு, எங்க கொள்ளுத்தாத்தா பேசற மாதிரி இருக்கு, ஆனா இலக்கணம் தப்புன்னு சொல்வாங்களாம். நேத்து மியூசியத்துல கேட்ட அதே பேச்சு, வேற மொழியில. தாத்தா இதை அலட்டிக்கவே இல்ல. மழை வர்ற மாதிரி இருந்ததால சீக்கிரம் கெளம்பிட்டோம்.

வியாழன், பஸ்

நாள் பூரா பஸ். ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். எழுத ஒண்ணும் இல்ல.

வெள்ளி, பினாங்கு

ஜார்ஜ் டவுன். மலாக்காவையும் இதையும் சேர்த்துத்தான் 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க. ஒரே தெருவுல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் (1801, பரங்கிப்பேட்டைக்காரர் காதர் மொய்தீன் உண்டாக்கினது), குவான் இம் கோயில், செயின்ட் ஜார்ஜ் சர்ச் (1818), பின்தெருவுல மகாமாரியம்மன் கோயில் (1833). போட்டோ எடுக்க நல்லா இருக்கும், எல்லாரும் எடுக்குறாங்க, நல்லிணக்கத் தெருன்னு கேப்ஷன் போடுறாங்க.

எனக்கு அந்தக் கேப்ஷனை விட ஆர்மீனியன் தெருதான் நெறைய சொல்லிச்சு. 1867 ஆகஸ்ட்ல பத்து நாள் அளவுக்கு இந்த ஊரு பத்தி எரிஞ்சது. கலவரம்னதும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும்னு மனசு தானாவே கோடு போட்டுக்கும், ஆனா நடந்தது அது இல்ல. கீ ஹின்ங்கற சீன ரகசியச் சங்கமும் முஸ்லிம்களோட வெள்ளைக்கொடிச் சங்கமும் ஒரு பக்கம். கியான் தெய்க்ங்கற சீனச் சங்கமும் சிவப்புக்கொடி முஸ்லிம்களும் மறு பக்கம். சீனரைச் சீனர் வெட்டினாங்க, முஸ்லிம முஸ்லிம் வெட்டினாங்க, ரெண்டு பக்கமும் கூட்டாளி வேற இனம். சிவப்புக்கொடித் தலைவர் சையத் முகமது அலாத்தாஸ் இருந்த பங்களா இன்னும் அந்தத் தெருவுல இருக்கு, கியான் தெய்க் தலைமையிடமா இருந்த கோயிலும் அதே தெருதான், நடந்து போற தூரம். சண்டை நல்லதுன்னு சொல்ல வரல. அன்னிக்கு இந்த ஊருல மனுஷன் முதல்ல யாருங்கறதுக்கு இனம் மட்டுமே பதில் இல்ல, துறைமுகமும் தொழிலும் தெருவும் சங்கமும் கூட பதில்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா எண்ண ஆரம்பிச்சாங்க. 1871 கணக்கெடுப்புல ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்ல, அதாவது சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு சேர்ந்த பிரிட்டிஷ் பகுதியில, இருந்த சனங்களை அகரவரிசையில நீளமா எழுதி வெச்சாங்க. 1891ல அதையெல்லாம் சில பெரிய தலைப்புக்குள்ள அடைச்சாச்சு, அதுல ஒரு தலைப்பு தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும். சிங்கப்பூர்ல சீனர், மலாய், இந்தியர், மற்றவர்னு இன்னிக்கும் அடையாள அட்டையில ஓடுறது அந்த வழியில வந்ததுதான். ரெண்டு இனப் பேரைச் சேர்த்துப் போட்டுக்கலாம்னு அங்க அனுமதி வந்தது 2011லதான். காஜா பெராங் அம்மாவை அதுல எந்தக் கட்டத்துல போடுவீங்க? கட்டம் போட்டவன் வெள்ளைக்காரன், ஆனா அவன் போய் எத்தனையோ காலம் ஆச்சு, கட்டத்தை அழிக்காம வெச்சுக்கிட்டு அதுக்குள்ள யாரு ஒசத்தின்னு சண்டை போடுறது நாமதான்.

ராத்திரி தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தா, மலாக்கா செட்டி பத்தி எழுதுனதைப் படிச்சாளாம். சிங்கப்பூர்லயும் அவங்க குடும்பங்க இருக்கு, அவங்களுக்குன்னு சங்கமே இருக்கு, 2018ல லிட்டில் இந்தியாவுல இருக்குற இந்திய மரபுடைமை நிலையத்துல அவங்களப் பத்தி கண்காட்சி கூட வெச்சாங்கன்னு சொன்னேன். அந்த நிலையத்துக்குள்ள இது வரைக்கும் போனதே இல்லயாம், ஞாயித்துக்கெழமை போறதா சொல்லிருக்கா. ஞாயித்துக்கெழமைதானான்னு திருப்பிக் கேட்டேன், அன்னிக்குத்தான் லீவுன்னா.

நாளைக்குக் காலையில ஆச்சே தெரு பள்ளிவாசல், 1808ல கட்டினது, அதைப் பாத்துட்டு அப்படியே ஏர்போர்ட். மலாக்கா போட்டோவெல்லாம் ஊருக்கு வந்து போடுறேன், மியூசியத்து அம்மா போட்டோ மட்டும் போட மாட்டேன், அவங்ககிட்ட கேக்கல.